அன்றாட வாழ்க்கையில் தேவசித்தத்தை அறிவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

"இது தேவசித்தம்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்?" ஜெபக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, தயங்கித் தயங்கி யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். வேலை மாற்றம், திருமணம், மேற்படிப்பு, வீடு மாறுவது, முழுநேர ஊழியம் என்று ஏதோ ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டிய நெருக்கடி அவருக்கு இருக்கும். பதில் சொல்லவேண்டிய நாள் நெருங்கிவிட்டது, ஜெபித்தும் தெளிவு வரவில்லை. தப்பாக முடிவெடுத்துவிட்டால் தேவன் தனக்காக வைத்திருந்த வாழ்க்கையே கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

அந்தப் பயத்தோடு ஆரம்பித்தால் எந்த வழிமுறையும் கைகொடுக்காது. அதனால் முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம், அப்புறம் படிகளுக்கு வருவோம்.

## தேவன் ஒளித்துவைத்து விளையாடுகிறவரா?

உபாகமம் 29:29-ஐ எடுத்துப் பாருங்கள். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள், வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவைகள் என்று மோசே சொல்கிறார். பத்து வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன், இந்த வேலை நிலைக்குமா, இந்த முயற்சி பலிக்குமா என்பதெல்லாம் முதல் பங்கில் வருகிறது. நம்முடைய கவலை முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. நமக்கென்று கொடுக்கப்பட்ட இரண்டாவது பங்கை அவ்வளவு ஆர்வமாய்த் திறந்து பார்ப்பதில்லை.

புதிய ஏற்பாடு "இதுதான் தேவனுடைய சித்தம்" என்று வெளிப்படையாகவே சொல்லும் இடங்கள் உண்டு. நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது தேவனுடைய சித்தம் (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது தேவனுடைய சித்தம் (1 தெசலோனிக்கேயர் 5:18). நன்மை செய்து, அறியாமல் பேசுகிறவர்களின் வாயை அடக்குவது தேவனுடைய சித்தம் (1 பேதுரு 2:15). எந்த ஊரில் குடியிருக்க வேண்டும், எந்த நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற பேச்சே இவற்றில் இல்லை. எங்கே இருந்தாலும் எப்படிப்பட்டவர்களாய் இருக்கவேண்டும் என்பதைத்தான் இவை சொல்கின்றன.

தேவசித்தத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்பதே என் உறுதியான நம்பிக்கை. அதில் நடக்க நடக்கத்தான் மீதியைப் பார்க்கும் கண்ணும் நமக்கு உண்டாகிறது. ரோமர் 12:2-இல் பவுல் வைத்திருக்கும் வரிசையும் இதுதான். முதலில் மனம் புதிதாகிறது, அதன் விளைவாக "தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று" பகுத்தறிய முடிகிறது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

## படி 1: கேள்வியைக் காகிதத்தில் எழுதுங்கள்

மனதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி நேரத்துக்கு ஒரு உருவம் எடுக்கும். "என் எதிர்காலத்தைக் குறித்து தேவசித்தம் என்ன?" என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு நகரத்தில் பதவி உயர்வோடு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் பதில் சொல்லவேண்டும். வீட்டில் உடம்புக்கு முடியாத அம்மா இருக்கிறார். மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். அப்படியானால் கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்தப் பொறுப்பை இந்த வருடமே ஏற்றுக்கொண்டு குடும்பத்தோடு இடம் மாறலாமா?" இதைப் பற்றி ஜெபிக்கலாம், விசாரிக்கலாம், நாலு பேரிடம் கேட்கலாம்.

எழுதிய கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று அடுத்ததாகப் பாருங்கள்.

சில கேள்விகளுக்கு வேதம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் வேலையில் சேரலாமா, இன்னொருவருடைய மனைவியோடோ கணவரோடோ உறவு வைக்கலாமா, திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் கடன் வாங்கலாமா என்பவற்றுக்கு வழிநடத்துதல் கேட்டு ஜெபிக்க ஒன்றுமில்லை. கீழ்ப்படிய பெலன் கேட்டு ஜெபிக்கலாம். "ஜெபித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லி நாளைக் கடத்துவது இந்த வகையில் பக்தி ஆகாது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பணத்தைக் "கொர்பான்" என்று சொல்லிக் காணிக்கையாக ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தது நினைவிருக்கட்டும் (மாற்கு 7:9-13). அவர்கள் கடமையைத் தட்டிக்கழித்தது தேவனுடைய பேரைச் சொல்லித்தான்.

வேறு சில கேள்விகளில் எந்தப் பக்கம் போனாலும் தப்பில்லை. ஏதேனில் தேவன் விலக்கியது ஒரே ஒரு மரத்தை. மற்ற எல்லா மரத்தின் கனியையும் "புசிக்கவே புசிக்கலாம்" என்று கையைத் திறந்துவிட்டார். கணவனை இழந்த பெண் தனக்கு இஷ்டமானவரை விவாகம் செய்துகொள்ள விடுதலையாயிருக்கிறாள், ஆனாலும் கர்த்தருக்குட்பட்டவரையே செய்யவேண்டும் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:39). எல்லை ஒன்று உண்டு, அதற்குள்ளே "உனக்கு இஷ்டமானவர்" என்ற சுதந்திரமும் உண்டு. எந்த நிறச் சட்டை போடுவது, எந்த வழியாக நடப்பது என்பதற்கெல்லாம் வெளிப்பாடு தேடி மனதை வருத்திக்கொள்ளவேண்டாம். உங்கள் தகப்பன் அப்படிப்பட்ட கெடுபிடிக்காரர் இல்லை.

மூன்றாவது வகையில் இரண்டு வழியுமே நேர்மையானதாக இருக்கும். ஆனால் விளைவுகள் பெரியதாகவும் பலரைத் தொடுவதாகவும் இருக்கும். நம் இடமாற்ற உதாரணம் இந்த வகைதான். மீதிப் படிகள் இதற்காகவே.

## படி 2: "இல்லை" என்று பதில் வந்தால்?

இந்தப் படியில்தான் அதிகமாக நிற்கவேண்டும். எரேமியா 42, 43-ஆம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேம் இடிந்து கிடக்கிறது. பாபிலோன் ராஜா வைத்த அதிகாரியாகிய கெதலியாவையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சிய கொஞ்சம் பேர், ராஜா பழிவாங்குவான் என்று பயந்து எரேமியாவிடம் வருகிறார்கள். எங்களுக்காக ஜெபம்பண்ணும், நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தர் காட்டட்டும், நன்மையானாலும் தீமையானாலும் அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். எவ்வளவு அழகான விண்ணப்பம்! பத்து நாள் கழித்து வார்த்தை வருகிறது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். கேட்டவுடனே அவர்கள் சொன்ன பதில்: "நீ பொய் சொல்லுகிறாய்."

கதையின் சூட்சுமம் முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. எரேமியா 41:17-இல், தீர்க்கதரிசியிடம் வருவதற்கு முன்னாலேயே, அவர்கள் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு பெத்லெகேம் அருகே தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டி வழியில் இறங்கிய பிறகு கேட்ட கேள்வி அது. அவர்கள் தேடியது தேவனுடைய கையெழுத்தை மட்டும்தான்.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தனியாக உட்கார்ந்து, "வேண்டாம்" என்று தேவன் தெளிவாகச் சொல்லிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். இடமாற்றம் இல்லை, பதவி உயர்வு இல்லை, அதே மேசை, அதே வேலை. அந்த எண்ணத்தோடு கொஞ்ச நேரம் இருங்கள். உள்ளே எது கொந்தளிக்கிறது? கௌரவமா, வருமானமா, இப்போதைய மேலதிகாரியிடமிருந்து தப்பிக்கும் ஆசையா? பிறகு "போ" என்று சொன்னதாக நினைத்துப் பாருங்கள். அப்போது எது பயமுறுத்துகிறது? வந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதுங்கள். இந்த ஆசைகளும் பயங்களும் பாவம் என்று நான் சொல்லவில்லை. அவை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு தேவனுடைய குரலில் பேசும், ஆபத்து அதில்தான்.

இரண்டு பதிலுக்கும் மனம் திறந்திருக்கும் நிலைக்கு உடனே வர முடியாது. சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். கெத்செமனேயில் ஆண்டவரே ஒரே விண்ணப்பத்தை மூன்று தரம் ஜெபித்தார் (மத்தேயு 26:44). "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்ற ஆசையை அவர் மறைக்கவில்லை, பிதாவின் முன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். உங்கள் ஆசையையும் அப்படியே சொல்லுங்கள். ஆசையே இல்லாதவரைப் போல ஜெபிக்கவேண்டிய அவசியமில்லை.

## படி 3: வேதத்தை அதன் போக்கில் வாசியுங்கள்

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேவன் இரக்கமுள்ளவர், அப்படித் திறந்தவர்களையும் சில நேரம் ஆறுதல்படுத்தியிருக்கிறார். ஆனால் முடிவெடுக்க அது வழி ஆகாது. ஏற்கெனவே மனதில் இருக்கும் விருப்பத்துக்கு ஏற்ற வசனம் வரும்வரை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருப்போம்.

பலருக்கும் பிடித்த எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற வரியை வைத்துக்கொண்டு, விரும்பிய வேலை கிடைக்கும் என்று உரிமை பாராட்டுகிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷத்தைப் பற்றிப் பேசுகிறது. அதற்கும் முன்னே, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். சீக்கிரம் விடுதலை என்று வாக்களித்தவர்கள் பொய்த் தீர்க்கதரிசிகள்தான். கடிதம் முழுவதையும் வாசித்தவர்களுக்கு ஆறுதல் குறையாது, ஆனால் அவசரம் குறையும்.

முடிவு வருவதற்கு முன்பே தினமும் ஒழுங்காக வாசித்து வருகிறவர்களுக்கு இந்தப் படி எளிது. அப்படி இல்லையென்றால் இன்றைக்கு ஆரம்பிக்கலாம். நீதிமொழிகள், ஒரு சுவிசேஷம், யாக்கோபு நிருபம் ஆகியவற்றை வரிசையாக வாசியுங்கள். வாசிக்கும்போது "என் கேள்விக்குப் பதில் எங்கே?" என்று தேடவேண்டாம். "தேவன் எதை விரும்புகிறார், எதை வெறுக்கிறார், யாரைக் கவனிக்கிறார்?" என்று பாருங்கள். நம் உதாரணத்தில், வயதான அம்மாவைப் பற்றியும், பணத்தைப் பற்றியும், வாக்குக் கொடுத்ததைக் காப்பதைப் பற்றியும் வேதம் நிறையவே பேசுகிறது. "இந்த நகரத்துக்குப் போ" என்று ஒரு வசனமும் சொல்லாது. ஆனாலும் அம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகும் வழி, மேசையிலிருந்து தானாகவே விலகிவிடும்.

## படி 4: ஜெபத்துக்கு நேரம் கொடுங்கள்

பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவின் புத்தகத்தில் இதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்த செய்தியைக் கேட்ட நாளிலிருந்து ராஜாவிடம் வாய் திறந்த நாள்வரை ஏறக்குறைய நான்கு மாதம். அந்த மாதங்களில் அவர் அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று அர்தசஷ்டா ராஜா கேட்டபோது, பதிலுக்கு முன் ஒரு நொடி பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார். உடனே வந்த பதிலில் எல்லாம் தயாராக இருந்தது: எவ்வளவு காலம் வேண்டும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் கொடுக்க வனத்துக் காவலாளனாகிய ஆசாப்புக்கு ஒரு கடிதம். முழங்காலில் இருந்த மாதங்களில் அவர் யோசித்தும் இருக்கிறார். ஜெபமும் திட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்கள் நெகேமியா 2:4-8-ஐ வாசிக்கவேண்டும்.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். எழுதிய கேள்வியை முன்னால் வைத்து, முதலில் தேவன் செய்த நன்மைகளுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அப்புறம் யாக்கோபு 1:5-ஐப் பிடித்துக்கொண்டு ஞானத்தைக் கேளுங்கள். ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்று அங்கே எழுதியிருக்கிறது, அதனால் நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்கத் தயங்கவேண்டாம். அதன் பிறகு பேசாமல் இருங்கள். சத்தம் எதுவும் கேட்காமல் போகலாம், பெரும்பாலும் கேட்காது. ஆனால் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், எந்த வேலையைப் பாதியில் விட்டிருக்கிறோம் என்ற நினைவுகள் வரும். அவற்றை இடைஞ்சலாக எண்ணித் தள்ளிவிடாதீர்கள். பெரிய கேள்விக்குப் போகும் வழியில் தேவன் சின்னச் சின்னக் கீழ்ப்படிதல்களைக் கேட்பது வழக்கம்.

## படி 5: உள்ளத்தில் நடப்பதைக் கவனியுங்கள்

"எனக்குச் சமாதானம் இருக்கிறது, அதனால் இது தேவசித்தம்" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். சமாதானம் முக்கியம்தான். ஆனால் அதை மட்டுமே நம்பினால் தவறிவிடுவோம். தேவனைவிட்டு ஓடிய யோனா, புயலின் நடுவே கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தின் மையத்தில் இருந்த இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. ஒரு கஷ்டமான கடமையிலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியும் சமாதானம் போலவே இருக்கும்.

அப்படியானால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்த ஸ்பானிய வீரர் ஒருவரின் அனுபவம் இதற்கு உதவும். பிற்காலத்தில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் அவர். படுக்கையில் கிடந்த நாட்களில், வீரசாகசங்கள் செய்து பெயர் வாங்குவதாக மணிக்கணக்கில் கற்பனை செய்வார். கிறிஸ்துவின் வாழ்க்கையையும் பரிசுத்தவான்களின் வரலாற்றையும் வாசித்து, தானும் அப்படி வாழ்வதாகவும் கற்பனை செய்வார். இரண்டுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதல் கற்பனை முடிந்த பின் மனம் வறண்டு கிடந்தது, இரண்டாவது முடிந்த பின்னும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தை அவர் கவனித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

நீங்கள் எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்தக் கவனிப்பு பயன்படும். ஒரு வழியை நினைக்கும்போது வரும் உற்சாகத்தைவிட, நினைத்து முடித்த பின் எது தங்குகிறது என்று பாருங்கள். விசுவாசமும் அன்பும் பிறரைக் குறித்த கரிசனையும் கூடுகிறதா, அல்லது பரபரப்பும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எரிச்சலும் கூடுகிறதா? சில நாட்கள் தேதி போட்டு எழுதிவையுங்கள். மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் நாளில், தெளிவான நாளில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்பது அவர் கொடுத்த அறிவுரை. இதை நான் அப்படியே வழிமொழிகிறேன். தூக்கமில்லாத இரவில் எழுதிய ராஜினாமா கடிதம் காலைவரை காத்திருக்கட்டும்.

## படி 6: கேட்கவேண்டியவர்களிடம் கேளுங்கள்

அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்கிறது நீதிமொழிகள் 11:14. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதிலேயே நம் உள்நோக்கம் தெரிந்துவிடும். "சரி" என்று சொல்லக்கூடியவர்களை மட்டும் தேடிப் போவது நம் எல்லாருக்கும் வரும் சோதனை. மூன்று பேரையாவது தேர்ந்தெடுங்கள்: உங்கள் குறைகளை நன்றாக அறிந்த ஒருவர், இதே மாதிரி முடிவை எடுத்து வருடங்கள் கடந்துவிட்ட ஒருவர், இந்த முடிவால் பாதிக்கப்படப்போகும் ஒருவர். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் மனைவியோ கணவரோ, மகள், அம்மா மூவரும் ஆலோசகர்கள்தான். தீர்மானித்துவிட்டு அறிவிப்பது ஆலோசனை கேட்பது ஆகாது.

தீர்க்கதரிசனமாக யாராவது உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால்? அற்பமாய் எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று பவுல் இரண்டையும் அடுத்தடுத்தே சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). 1 இராஜாக்கள் 13-இல், போன இடத்தில் அப்பம் புசிக்காதே என்று தேவனிடமிருந்து நேரடியாகக் கேட்டிருந்த ஒரு மனுஷன், "தேவதூதன் என்னோடே சொன்னான்" என்று ஒரு கிழவனான தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பிப் போய் உயிரையே இழந்தான். பெரியவர், அனுபவமுள்ளவர், தீர்க்கதரிசி என்பதெல்லாம் போதாது. தேவன் ஏற்கெனவே சொன்னதற்கு மாறாக இருந்தால், சொல்பவர் யாராக இருந்தாலும் ஏற்கக்கூடாது. "நீ இன்னாரைத்தான் திருமணம் செய்யவேண்டும் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்", "உன் சேமிப்பை எங்கள் ஊழியத்துக்குக் கொடு என்று கர்த்தர் சொன்னார்" என்று ஒருவர் உங்களை நெருக்கினால், அந்த அவசரத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் உங்களிடம் பேசவேண்டியதை உங்களிடமிருந்து மறைத்து, லாபம் அடையப்போகிறவரிடம் மட்டும் சொல்வாரா?

நல்லவர்கள் நல்ல மனதோடு சொல்லும் ஆலோசனையும் சில நேரம் பொருந்தாது. பவுலுக்கு எருசலேமில் கட்டுகள் காத்திருப்பதாகத் தீர்க்கதரிசியாகிய அகபு சொன்னபோது, எல்லாரும் போகவேண்டாம் என்று அழுது கேட்டார்கள். வந்த செய்தி உண்மை, அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு வேறு, பவுல் எடுத்த முடிவு வேறு. கடைசியில் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்தார்கள் (அப்போஸ்தலர் 21:14). ஆலோசனையைக் கேட்கவேண்டும். தீர்மானத்தின் பொறுப்பு உங்களுடையது.

## படி 7: திறந்த வாசல் எல்லாம் தேவன் திறந்ததா?

சூழ்நிலைகள் வழி காட்டும், ஆனால் தனியாகச் சாட்சி சொல்ல அவற்றுக்குத் தகுதி இல்லை. யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குப் பணமும் இருந்தது. எல்லாம் கூடி வந்தது, கீழ்ப்படியாமைக்கு. தாவீது ஒளிந்திருந்த என்கேதியின் குகையில், அவனைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் தனியாக நுழைந்தபோது, உன் சத்துருவை உன் கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்கள் வசனம் போலவே பேசினார்கள். தாவீது மறுத்தான். கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கையைப் போடக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்த சித்தம். தெரிந்ததை மீறித்தான் கிடைக்கும் என்றால் சிங்காசனமே ஆனாலும் அவனுக்கு வேண்டாம்.

மூடிய வாசலும் தடையும் அப்படித்தான். எபேசுவில் பெரிய வாசல் திறந்திருக்கிறது, விரோதஞ்செய்கிறவர்களும் அநேகர் என்று பவுல் ஒரே மூச்சில் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 16:9). எதிர்ப்பு வந்ததும் "இது சித்தமில்லை போல" என்று அவர் கிளம்பிவிடவில்லை. துரோவாவிலோ வாசல் திறந்திருந்தும், தீத்துவைக் காணாமல் மனதுக்கு அமைதியில்லாததால் மக்கெதோனியாவுக்குப் போனார் (2 கொரிந்தியர் 2:12-13).

அடையாளம் கேட்பதைப் பற்றிச் சுருக்கமாக: நியாயாதிபதிகள் 6-இல் கிதியோன் பனி எங்கே பெய்கிறது என்று அடையாளம் பார்க்க ஆட்டுத்தோலைப் போட்டது வழிநடத்துதலுக்கான பாடமாக எழுதப்படவில்லை. தேவன் ஏற்கெனவே தெளிவாய்ச் சொல்லியிருந்தார், கிதியோனுக்கு நம்ப முடியவில்லை. "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று அவனே பயந்துகொண்டு கேட்டான். தேவன் பொறுமையாய் இறங்கிவந்தார், அது அவருடைய தயவு. அப்போஸ்தலர்கள் மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டதும் பெந்தெகொஸ்தேக்கு முன்தான். ஆவியானவர் வந்த பிறகு, எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் பேசினார்கள், விவாதித்தார்கள், வேதத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள் (அப்போஸ்தலர் 15:28).

## படி 8: புத்தியைப் பயன்படுத்தித் தீர்மானியுங்கள்

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் ஆண்டவர்தான். சுயபுத்தியின்மேல் சாயாதே என்ற வசனத்தைப் புத்தியையே உபயோகிக்காதே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இரு வழிகளின் நன்மை தீமைகளை எழுதுங்கள். நம் உதாரணத்தில் தாள் இப்படி இருக்கலாம். போனால்: வருமானம் கூடும், கடன் அடையும், திறமைக்கேற்ற வேலை, அம்மாவின் மருத்துவர் மாறவேண்டும், மகளின் படிப்பு கடைசி வருடத்தில் தடுமாறும், புதிய சபையைத் தேடவேண்டும். இருந்தால்: அம்மாவுக்குப் பழகிய சூழல், மகளுக்கு அமைதி, ஞாயிறு பள்ளியில் நீங்கள் சுமக்கும் பொறுப்பு தொடரும், கடன் இன்னும் சில வருடம் இழுக்கும், இந்த வாய்ப்பு திரும்ப வராமல் போகலாம். எழுதி முடித்ததும் வரிகளை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். எந்த வரி ஆசையிலிருந்து வந்தது, எது பயத்திலிருந்து, எது அன்பிலிருந்து? படி 2-இல் எழுதியதோடு ஒப்பிட்டால் பல வரிகளின் உண்மையான எடை தெரிந்துவிடும்.

இப்படி எழுதும்போது முதலில் தோன்றாத மூன்றாவது வழியும் தெரியவரும். மகளின் தேர்வு முடியும்வரை தனியாகப் போய்வர முடியுமா? சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாமா? கேட்பதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை, நெகேமியாவும் கேட்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு வழிகளும் சமமாகவே தெரிந்தால், எதையும் எடுக்கலாம் என்று அர்த்தம். உங்களுக்கு எது மகிழ்ச்சியோ அதை எடுங்கள்.

## படி 9: நடந்து போங்கள், தேவைப்பட்டால் திருத்திக்கொள்ளுங்கள்

பவுலின் குழு ஆசியாவில் பேசப் பார்த்தது, ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தது, அதற்கும் இடங்கொடுக்கவில்லை. துரோவாவில் மக்கெதோனியா மனுஷனின் தரிசனம் வந்தது, உடனே புறப்பட்டார்கள். தடை வந்த இரண்டு முறையும் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். தரிசனத்தின்படி போன பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் என்ற பெண்ணின் இருதயம் திறந்தது. அதே பிலிப்பியில் பவுலும் சீலாவும் அடி வாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுச் சிறையிலும் கிடந்தார்கள். கஷ்டம் வந்துவிட்டது என்பதாலேயே முடிவு தப்பு என்று ஆகிவிடாது.

உண்மையிலேயே தப்பான முடிவு எடுத்திருந்தால்? யோசுவா 9-இல் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் காட்டி, தூரதேசத்தார் என்று ஏமாற்றினார்கள். இஸ்ரவேலர் கர்த்தருடைய வாக்கைக் கேட்காமல் உடன்படிக்கை செய்துவிட்டார்கள். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஏமாற்றம் தெரிந்த பின்னும் ஆணையை மீறவில்லை. பத்தாம் அதிகாரத்தில் அதே கிபியோனியரைக் காப்பாற்றப் போன போரில்தான் கர்த்தர் வானத்திலிருந்து கல்மழை பெய்யச் செய்தார், சூரியனை நிற்கச் செய்தார். ஜெபிக்காமல் எடுத்த முடிவிலும், அதற்குப் பின் வந்த உண்மையை தேவன் கனப்படுத்தினார். வருடங்களுக்கு முன் எடுத்த முடிவை நினைத்து இன்னும் உங்களைக் குற்றப்படுத்திக்கொண்டிருந்தால், இன்றைக்கு இருக்கிற இடத்தில் இப்போது உண்மையாக இருக்கவேண்டிய காரியம் எது என்று மட்டும் கேளுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். தீங்கு செய்யும் சூழலில் சிக்கியிருந்தால், உண்மையாக இருப்பது என்ற பெயரில் அங்கேயே அடிபட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உதவி கேட்டு வெளியே வாருங்கள். நெருப்புச் சூளையில் போடப்பட்டவர்களோடு உலாவின தேவன், தம் ஜனங்களை எகிப்திலிருந்து வெளியேயும் கொண்டுவந்தார்.

## பெரிய முடிவு எதுவும் இல்லாத நாட்களில்

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இப்படிப்பட்டவைதான். உண்மையான பயிற்சி நடப்பதும் இந்த நாட்களில்தான். காலையில் யாக்கோபு 4:15-இன்படி, "ஆண்டவருக்குச் சித்தமானால் இன்றைக்கு இதைச் செய்வேன்" என்று அன்றைய வேலைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். இரவில் படுக்கும்முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எழுந்ததிலிருந்து நடந்ததை மணி வாரியாக நினைத்துப் பாருங்கள். எங்கே நன்றி சொல்ல மறந்தேன்? யாரிடம் கடுமையாகப் பேசினேன்? யாருக்கு உதவச் சொல்லி உள்ளே ஒரு உந்துதல் வந்தும் நழுவவிட்டேன்? எந்த நேரத்தில் தேவனுக்கு அருகில் இருந்ததாக உணர்ந்தேன்? மன்னிப்புக் கேட்கவேண்டியதைக் கேட்டு, நாளைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒரு போன் அழைப்பாக இருக்கலாம், திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமாக இருக்கலாம். மறுநாள் மற்ற வேலைகளுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.